இன்டர்ஃபெரான்: அளவும் வேளையும்

2021 ஏப்ரல் 23. இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ரெம்டெசிவிர் குப்பிக்கும் மருத்துவமனை வாசல்களில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். அன்றுதான் ஜைடஸ் காடிலா நிறுவனத்தின் விராஃபின் என்ற ஊசிக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவசரகால அனுமதி தந்தார். மிதமான கொரோனா உள்ள பெரியவர்களுக்கான ஊசி அது. அதில் இருந்தது இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் தாமே சுரக்கும் எச்சரிக்கைப் புரதம்தான் அது. உடலில் நெடுநேரம் தங்கும்படி சற்று மாற்றியிருந்தார்கள்.

இதற்கு நான்கரை மாதம் முன்பே, 2020 டிசம்பர் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையின் இடைக்கால முடிவுகள் வெளிவந்துவிட்டன. இந்தியா உட்பட 30 நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை. அதில் இன்டர்ஃபெரான் பீட்டா ஒதுக்கப்பட்ட 2,050 பேரில் 243 பேர் இறந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவின் 2,050 பேரில் இறந்தவர்கள் 216. ஆல்ஃபாவும் பீட்டாவும் செல்லின் மேல் ஒரே ஏற்பியில்தான் போய் அமர்கின்றன. ஓரிடத்தில் கைவிடப்பட்ட மருந்தின் உடன்பிறப்பு இன்னோரிடத்தில் எப்படி அனுமதி பெற்றது? யாரோ ஒருவர் தவறிழைத்தார் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்த முரணுக்குள் வைரசுக்கு எதிராக உடல் செய்யும் முதல் வேலையைப் பற்றிய ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வேலையை வெளியிலிருந்து கூட்ட முடியுமா? கூட்டினால் நன்மையா, தீமையா?

கதை 1957இல், லண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் தொடங்குகிறது. ஒரு வைரஸ் புகுந்த திசுவில் இன்னொரு வைரஸ் எளிதில் புக முடிவதில்லை என்பது அதற்கு முன்பே தெரியும். அலிக் ஐசக்சும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லிண்டன்மானும் சூடேற்றிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரசைக் கோழிக்கருச் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தைப் புதிய சவ்வின் மேல் விட்டார்கள். புதிய சவ்வும் வைரசுக்கு இடம் தரவில்லை. அப்படியானால் செல்கள் எதையோ வெளியே சுரந்து அண்டை அயலுக்குச் சொல்லியிருக்கின்றன. அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் நாகானோவும் கொஜிமாவும் 1954இலேயே இதைப் போன்ற ஒன்றை முயலின் தோலில் கண்டிருந்தார்கள். அன்று அதை உலகம் கவனிக்கவில்லை. லண்டன் ஆய்வாளர்களையும் உடனே நம்பிவிடவில்லை. தூய்மைப்படுத்திக் காட்ட முடியாத அந்தப் பொருளுக்கு மிஸ்இன்டர்ப்ரெடான் என்று பட்டப்பெயர் சூட்டியவர்களும் உண்டு. 1967இல், 45 வயதில், ஐசக்ஸ் இறந்தபோதும் அந்தப் புரதம் தூய வடிவில் யார் கைக்கும் கிடைத்திருக்கவில்லை. 1980இல் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மானின் குழு அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கிய பிறகுதான் அது குப்பியில் அடைக்கும் மருந்தானது.

வைரஸ் வந்துவிட்டது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வைரசின் புரதங்கள் நாளுக்கொரு வேடம் போடும். அவற்றை நம்பிக் காவல் காக்க முடியாது. ஆகவே செல் தேடுவது வேடத்தை அல்ல, இடம் மாறியும் முறை மாறியும் இருக்கும் பொருளை. நம் ஆர்என்ஏ இழைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உட்கருவிலிருந்து வெளியே வருகின்றன. பல வைரஸ்களின் இழைகளோ முனையில் மூன்று பாஸ்பேட்டுகளோடு மொட்டையாக நிற்கும். ரிக்-ஐ என்ற புரதம் அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறது. டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கரு. வெளியே கிடந்தால் சி-காஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஒரு சிறு தூது மூலக்கூறைச் செய்து அனுப்புகிறது. ஜேம்ஸ் சென்னின் குழு 2013இல் கண்டுபிடித்தது இது. செல் விழுங்கிய பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் அறைகளில் டிஎல்ஆர்-3, டிஎல்ஆர்-7 ஆகியவை நிற்கின்றன. இவற்றில் எது தூண்டப்பட்டாலும் சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் சுரக்கிறது.

சுரந்த இன்டர்ஃபெரான் வைரசைத் தொடுவதே இல்லை. அது பக்கத்துச் செல்லின் ஏற்பியில் அமர்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்புகிறது. அவற்றில் ஒன்றான பிகேஆர், செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. இன்னொன்றான ஆர்என்ஏஸ்-எல், கண்ணில் படும் ஆர்என்ஏ இழைகளை வெட்டுகிறது. வைரசுடையதா, நம்முடையதா என்று அதிகம் பார்ப்பதில்லை. ஐஎஃப்ஐடிஎம்-3, வைரஸ் உள்ளே வரும் வழியிலேயே அதை மடக்குகிறது. தெருவில் மின்கம்பி அறுந்து தீப்பொறி பறந்தால் மின்வாரியம் அந்தப் பகுதி முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துமே, அதைப் போன்ற ஏற்பாடு இது. தீ பரவாது. ஆனால் வீடுகள் இருளில் கிடக்கும், மோட்டார் ஓடாது, தையல் இயந்திரம் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு அது காவல். பத்து நாள் நீடித்தால் அதுவே கேடு.

இந்தக் காவலின் மதிப்பை வைரஸ்களின் நடத்தையே எடுத்துச் சொல்கிறது. இன்ஃப்ளூயன்சா என்எஸ்-1 என்ற புரதத்தைச் செலவழித்து ரிக்-ஐ விடும் எச்சரிக்கையை அடக்குகிறது. டெங்கு வைரசின் என்எஸ்-5, இன்டர்ஃபெரான் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-2ஐ அழிக்கிறது. கொரோனா வைரஸ் சவ்வுப் பைகளுக்குள் ஒளிந்து பெருகுகிறது. தன் ஆர்என்ஏவுக்குப் போலித் தலைப்பாகையும் கட்டிக்கொள்கிறது. என்எஸ்பி-1 என்ற புரதத்தால் செல்லின் புரத ஆலையை முடக்குகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்களோடு வாழும் ஓர் உயிரி, அவற்றில் இத்தனையை ஒரே எதிரிக்காக ஒதுக்குகிறது என்றால் அந்த எதிரி சாதாரணமானவன் அல்லன்.

இது சூழ்நிலைச் சான்றுதான். மனிதனிடம் நேரடிச் சான்று 2020 அக்டோபரில் வந்தது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தையும் பாரிசின் நெக்கர் மருத்துவமனையையும் மையமாகக் கொண்ட ஜான்-லோரான் கசனோவாவின் குழு, உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா கண்ட 987 பேரின் இரத்தத்தைப் பார்த்தது. அவர்களில் குறைந்தது 101 பேரிடம், அதாவது ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம், தம் சொந்த இன்டர்ஃபெரானையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அறிகுறி இல்லாமலோ இலேசாகவோ தொற்றைக் கடந்த 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. நலமாக இருந்த 1,227 பேரில் 4 பேரிடம் மட்டும் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. அதனாலேயே அவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஐயம்: எதிர்ப்பொருள் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? கடுமையான தொற்றில் நிலைகுலைந்த உடல் பலவகை எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். ஆனால் சிலரிடம் தொற்றுக்கு முன்பே சேமிக்கப்பட்ட இரத்தம் இருந்தது. அதிலும் அவை இருந்தன. ஏபிஎஸ்-1 என்ற அரிய பரம்பரை நோயில் இதே எதிர்ப்பொருள்கள் இளவயதிலேயே தோன்றிவிடுகின்றன. கொரோனா தொற்றிய அத்தகைய 22 பேரைத் தொகுத்த ஆய்வில் 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தார்கள். எனவே காரணம் முன்னே நிற்கிறது என்று ஏற்கலாம். இரண்டாவது ஐயம்: கடும் நோயாளிகள் முதியவர்கள், ஆண்கள், ஒப்பீட்டுக் குழுவினர் அப்படியா? இந்த ஐயம் நியாயமானதே. இந்த எதிர்ப்பொருள்கள் வயதோடு கூடுகின்றன என்பதும், 70 வயதைத் தாண்டியவர்களிடம் தொற்று இல்லாதபோதே சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் பின்வந்த பெரிய ஆய்வில் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு முதல் முடிவை வீழ்த்தவில்லை. முதியவர்களைக் கொரோனா ஏன் இப்படிக் கொன்றது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடையாகவே அது அமைந்தது.

மூன்றாவது ஐயத்தைத்தான் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. பத்தில் ஒருவர் என்றால், மீதி ஒன்பது பேர்? இன்டர்ஃபெரான் பாதையின் மரபணுக் குறைபாடுகள் இன்னும் சில சதவீதத்தை விளக்குகின்றன. அதற்கப்பால் கடும் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறார்கள். எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. லூபஸ் நோய்க்கு 2021 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து, ஆல்ஃபாவும் பீட்டாவும் அமரும் ஏற்பியையே அடைத்துவிடுகிறது. அந்தக் காவல் அவ்வளவு தவிர்க்க முடியாதது என்றால் இந்த நோயாளிகள் ஒவ்வொரு சளிக்காய்ச்சலிலும் உயிருக்குப் போராட வேண்டும். டியூலிப்-2 சோதனையில் அக்கி வந்தவர்கள் மருந்து பெற்றோரில் 7.2 சதவீதம், வெற்று மருந்து பெற்றோரில் 1.1 சதவீதம். அக்கி கூடியது உண்மை. ஆனால் எல்லா வைரசுக்கும் கதவு திறந்துவிடவில்லை. ஏற்பியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பூசிகூட ஆபத்தாகியிருக்கிறது; அவர்களிலும் பல சாதாரண வைரஸ்களைக் கடந்து வளர்ந்தவர்கள் உண்டு. ஆகவே இந்தப் பகுதியில் நான் ஏற்பது இவ்வளவே: சில வைரஸ்களுக்கு எதிராக, சிலருக்கு, இன்டர்ஃபெரான் உயிர்க்காவல். எல்லா வைரசுக்கும் எல்லோருக்கும் அதுவே முதலும் முடிவும் என்ற வாதத்துக்குச் சான்று போதாது.

சரி, இல்லாதது ஆபத்து என்றால் கொடுப்பது காக்குமே? காக்கவில்லை. சாலிடாரிட்டியின் 243க்கும் 216க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் விழுந்திருக்கலாம். இன்டர்ஃபெரான் கொன்றது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் கணக்கின் நம்பக எல்லை 0.96இல் தொடங்குகிறது. அதாவது, மருந்துக்கு எவ்வளவு சாதகமாகப் படித்தாலும் நூற்றுக்கு நான்கு என்ற சிறு பயனுக்குத்தான் இடம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நடத்திய ஏசிடிடி-3 சோதனை, ரெம்டெசிவிரோடு இன்டர்ஃபெரான் பீட்டாவைச் சேர்த்து 969 பேரிடம் பார்த்தது. பயன் இல்லை, அதிவேக ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு நிலைமை மோசமானது.

இதைவிடக் கூர்மையான சான்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பாரிசிட்டினிப் என்ற மாத்திரை, இன்டர்ஃபெரான் ஏற்பியிலிருந்து செல்லுக்குள் போகும் செய்தியைத் துண்டிக்கும் இயல்புள்ளது. அந்தச் செய்தி எப்போதும் நல்லது என்றால் இந்த மாத்திரை நோயாளிகளைக் கொன்றிருக்க வேண்டும். பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த 8,156 பேரிடம், இறப்பு 14 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தடை இருக்கிறது: பாரிசிட்டினிப் இன்டர்ஃபெரானை மட்டும் தடுப்பதில்லை, வேறு சில அழற்சித் தூதுகளையும் தடுக்கிறது. எனவே இன்டர்ஃபெரானைத் தடுத்ததால்தான் காத்தது என்று இதை வைத்து நிறுவ முடியாது. ஆனால் நோயின் அந்தக் கட்டத்தில் இன்டர்ஃபெரான் செய்தியை இழப்பதால் பெரிய நட்டம் இல்லை என்பது இதிலிருந்து கட்டாயம் கிடைக்கிறது. அதே ரெக்கவரி சோதனையில் டெக்சாமெதசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் எண்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன: மருந்து பெற்றோரில் 17.8, பெறாதோரில் 14.0. இந்த இரண்டாவது வேறுபாடும் தற்செயலாக இருக்கலாம்; காக்கும் அறிகுறி எதுவும் இல்லை என்பது மட்டும் தெளிவு. ஒரே வைரஸ், ஒரே மருந்து. மாறியது நோயின் கட்டம்.

2020இல் வெளிவந்த இரத்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுத்தன. பாரிசில் 50 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், கடும் நோயில் இன்டர்ஃபெரான் வற்றிப்போயிருக்கிறது என்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவசாகியின் குழுவோ, கடும் நோயில் அது வடியாமல் நீடிக்கிறது என்றது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். என் பார்வையில், இங்கே பிழை முடிவுகளில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில் என்று கேட்காமல் கூடுதலா குறைவா என்று கேட்டார்கள். இன்டர்ஃபெரானின் போர்க்களம் இரத்தம் அன்று. மூக்கின் உள்தோலும் நுரையீரலும். 2021இல் ஓர் ஆய்வு மூச்சுப்பாதையை மேல், கீழ் என்று பிரித்துப் பார்த்தபோது, இலேசான நோயில் மேல்பாதையில் லாம்டா வகை இன்டர்ஃபெரான் நன்றாக எழுந்திருந்தது. கடும் நோயிலோ கீழ்ப்பாதையில், நுரையீரலில், இன்டர்ஃபெரான்கள் மிகுந்திருந்தன. பெர்லின் ஆய்வாளர்கள் குழந்தைகளின் மூக்குச் செல்களில் ரிக்-ஐ, எம்டிஏ-5 ஆகிய காவல் புரதங்கள் தொற்றுக்கு முன்பே பெரியவர்களைவிட உயர்ந்து நிற்பதைக் கண்டார்கள். குழந்தைகளைக் கொரோனா பெரும்பாலும் தொட்டுவிட்டு விட்டுப்போனதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

வேளைதான் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு எலிகளிடம் நேரடிச் சான்று உண்டு. மெர்ஸ் வைரஸ் தொற்றிய எலிகளுக்குத் தொடக்கத்திலேயே இன்டர்ஃபெரான் கொடுத்தால் பிழைத்தன. தாமதித்துக் கொடுத்தால் நோய் முற்றியது. 2020இல் வெளிவந்த இரு எலி ஆய்வுகள் அதற்கான காரணத்தையும் காட்டின: நீடித்த இன்டர்ஃபெரான், சிதைந்த நுரையீரல் உள்தோல் மறுபடி வளர்வதைத் தடுக்கிறது. மின்சாரம் நின்ற ஊரில் இடிந்த சுவரை யார் கட்டுவது? ஆனாலும் எலி மனிதன் அல்ல. ஆய்வகத்தில் தொற்றிய மணி துல்லியமாகத் தெரியும். நம் வீட்டில் அது தெரியாது. மூக்கில் வைரஸ் உச்சத்தை நெருங்கும்போதுதான் நமக்குக் காய்ச்சலே தெரிகிறது. ‘சீக்கிரம்’ என்ற சொல் எலிக்கூண்டில் தரும் பொருளை மனிதரிடம் தராது.

மனிதரிடம் தொடக்கத்தில் அப்படி ஒரு சாளரம் திறக்கிறதா என்று பார்த்த சோதனைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். 2020 மே மாதத்தில் வெளிவந்த, ஹாங்காங் மருத்துவர்கள் 127 பேரிடம் செய்த சோதனையில் மூன்று மருந்துகளின் சேர்க்கை, வைரஸ் மறையும் நாளை 12இலிருந்து 7 ஆகக் குறைத்தது. அதில் இன்டர்ஃபெரான் பீட்டா, அறிகுறி தொடங்கி 7 நாளுக்குள் வந்தவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. நல்ல அறிகுறிதான், ஆனால் சிறிய சோதனை, மூன்று மருந்துகள், இறப்பை அளக்க இடமில்லாத எண்ணிக்கை. இதைச் சான்று என்பதைவிடத் துப்பு என்பேன். 2023 பிப்ரவரியில் வெளிவந்த டுகெதர் சோதனை வேறு தரத்தது. பிரேசிலிலும் கனடாவிலும், மருத்துவமனையில் சேராத நோயாளிகளுக்கு, அறிகுறி தொடங்கிய 7 நாளுக்குள், உடலில் நெடுநேரம் தங்கும்படி மாற்றிய (பெகிலேட்டட்) லாம்டா ஒரே ஊசி. மருத்துவமனையில் சேரவோ அவசரப் பிரிவில் நெடுநேரம் தங்கவோ வேண்டியிருந்தவர்கள், ஊசி பெற்ற 931 பேரில் 25. வெற்று மருந்து பெற்ற 1,018 பேரில் 57. ஏறத்தாழப் பாதி. பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள் என்பதால் இது இன்னும் மதிப்புப் பெறுகிறது. லாம்டாவின் ஏற்பி பெரும்பாலும் உள்தோல் செல்களில்தான் இருக்கிறது; ஆகவே ஆல்ஃபாவைப் போல உடல் முழுவதையும் அது உலுக்குவதில்லை. அந்தச் சிறப்பும் இந்த வெற்றியில் கலந்திருக்கலாம். வேளையா, வகையா என்று இந்த ஒரு சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது.

இப்போது என் வாதத்துக்கே எதிரான வலுவான சாட்சி: ஹெபடைடிஸ்-சி. பல ஆண்டுகளாகக் கல்லீரலில் குடியிருந்த அந்த வைரசுக்கு 1991 முதல் இன்டர்ஃபெரானே மருந்து. பின்னாளில் ரிபாவிரினோடு சேர்த்து 48 வாரம் ஊசி போட்டார்கள். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு எல்லாம் தாங்கிய நோயாளிகளில், முதல் மரபு வகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களும், இரண்டாம், மூன்றாம் வகைகளில் இன்னும் கூடுதலானவர்களும் முற்றிலும் குணமானார்கள். தொற்றிப் பல ஆண்டு கழித்துக் கொடுத்த மருந்து எப்படி வேலை செய்தது? சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் என்ற விதி இங்கே உடைகிறதே.

உடைகிறது, உடைந்த இடத்தில்தான் சரியான விதி தெரிகிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த கல்லீரல் திசுவைப் பார்த்தவர்கள் 2008இல் ஒன்றைக் கண்டார்கள். இன்டர்ஃபெரான் மரபணுக்கள் ஏற்கெனவே உயர்ந்து எரிந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குத்தான் சிகிச்சை தோற்றது. அமைதியாக இருந்த கல்லீரல்தான் மருந்துக்குச் செவிசாய்த்தது. 2013இல் வந்த கண்டுபிடிப்பு இதைவிட வியப்பானது. லாம்டா-4 என்ற இன்டர்ஃபெரானைச் செய்யும் மரபணு சிலரிடம் வேலை செய்கிறது, சிலரிடம் பழுதாகிக் கிடக்கிறது. பழுதானவர்களே இந்த வைரசை எளிதில் ஒழித்தார்கள். மருந்துக்கும் நன்றாக இணங்கினார்கள். அதாவது ஒரு வகை எதிர்ப்புப் புரதம் கூடுதலாக இருப்பதே தோல்விக்கு வழி. ஆகவே நாள்காட்டி வெறும் அடையாளம். எரிகிற கேள்வி வேறு: எச்சரிக்கை மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறதா, இல்லையா? வைரஸ் மணியின் நாக்கைப் பிடித்து அமுக்கியிருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து ஒலிப்பது பயன். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது இன்னும் பலமாக அடிப்பது வீண். சில வேளை கேடு. கொரோனாவின் முதல் நாள்களும் அமைதியான ஹெபடைடிஸ் கல்லீரலும் இந்த விதியில் ஒரே பக்கம் நிற்கின்றன. சாலிடாரிட்டியின் நோயாளிகளில் பலர் மறுபக்கம் நின்றிருப்பார்கள் என்றே நான் படிக்கிறேன். (இன்று ஹெபடைடிஸ்-சிக்கு யாரும் இன்டர்ஃபெரானைத் தேடிப் போவதில்லை. சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகள் 12 வாரத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாக்குகின்றன. வைரசையே நேராகத் தாக்கும் மருந்து இருக்குமானால் அதற்கே முதலிடம்.)

இந்த விதியின் கடைசி எல்லையில், வைரசே இல்லாமல் மணி ஓயாது அடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். 1984இல் ஐகார்டியும் குத்தியேரும் பதிவு செய்த நோய் ஒன்று. பார்ப்பதற்குக் கருவிலேயே வைரஸ் தொற்றிய மூளையைப் போலவே இருக்கும். தேடினால் வைரஸ் கிடைக்காது. மூளைத் தண்டுவட நீரில் இன்டர்ஃபெரான் உயர்ந்திருக்கும். தன் சொந்தக் கழிவு டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் அப்புறப்படுத்தும் நொதிகள் பிறவியிலேயே பழுதானதால், உடல் தன்னையே வைரஸ் என்று எண்ணிக்கொள்கிறது. ஸ்டிங் என்ற புரதம் ஓயாமல் இயங்கும் இன்னொரு பிறவி நோயில் விரல்நுனிகளும் காதுமடல்களும் புண்ணாகின்றன; நுரையீரல் கெடுகிறது.

அந்தக் குழந்தைகளை நினைவில் வைத்துக்கொண்டு ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்ற தொடரைப் படித்துப் பாருங்கள். 2020இல் தமிழ்நாட்டில் வீதிதோறும் கபசுரக் குடிநீர் வழங்கினார்கள். மருந்துக்கடை, மளிகைக்கடை, தொலைக்காட்சி எங்கும் இந்தத் தொடர் ஒலித்தது. அந்தக் குடிநீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். எதைக் கூட்டுவது? எந்தத் திசுவில்? எந்த நாளில்? இவற்றுக்கு விடை சொல்லாத வரையில் அந்தத் தொடருக்கு மருத்துவப் பொருள் கிடையாது. இன்டர்ஃபெரான் போன்ற, பிறவியிலேயே அமைந்த இயல்பு எதிர்ப்பு, பேட்டரியைப் போல முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும் பொருள் என்ற எண்ணத்தையே அது வளர்க்கிறது. இந்த எண்ணத்துக்கு அறிவியல் உலகில் இருக்கும் தரமான வடிவம் பிசிஜி தடுப்பூசி இயல்பு எதிர்ப்பைப் பழக்குகிறது என்ற கருத்து. ஆய்வகச் சான்று உண்டு. கிரேக்கத்தில் முதியவர்களிடம் செய்த சிறு சோதனையில் பொதுவான தொற்றுகள் குறைந்தன. ஆனால் மருத்துவமனைப் பணியாளர்களிடம் நடத்திய பிரேஸ் என்ற பெரிய சோதனையில் கொரோனா அறிகுறி கண்டவர்கள் பிசிஜி பெற்றோரில் 14.7 சதவீதம், பெறாதோரில் 12.3 சதவீதம். ஆக, இந்தப் பெரிய சோதனையில் கொரோனாவுக்கு எதிராக அது தேறவில்லை.

விராஃபினுக்குத் திரும்புவோம். நிறுவனம் முன்வைத்த எண்: ஊசி பெற்றவர்களில் 91.15 சதவீதத்தினருக்கு 7ஆம் நாளில் ஆர்டி-பிசிஆர் எதிர்மறை, பெறாதவர்களில் 78.90. துணை ஆக்சிஜன் தேவைப்பட்ட நேரம் 84 மணியிலிருந்து 56 மணியாகக் குறைந்தது என்றும் சொன்னது. இரண்டாவது எண் முதலாவதைவிட மதிப்புள்ளது. மூக்குப் பரிசோதனையின் முடிவுக்காக யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை, மூச்சுக்காகப் போகிறார்கள். ஆனால் இறப்பைக் குறைத்ததா என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை பெரிதன்று. வைரசை விரைவில் ஒழிப்பது என்ற நோக்கம் அறிவியலோடு பொருந்துகிறது. மிதமான நோய் என்ற வகைப்பாடு பொருந்தவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியவர், பெரும்பாலும், சாளரத்தைக் கடந்து வந்தவர். இந்தக் கட்டுரையில் எடைபோட்ட சான்றுகளின்படி அந்த ஊசிக்கான சரியான ஆள், இன்னும் வீட்டில் இருக்கும், முதல் சில நாள்களில் உள்ள, வயதாலோ சொந்த எதிர்ப்பொருளாலோ ஆபத்து மிகுந்தவர். அனுமதி, சோதிக்க வேண்டிய ஆளுக்கு அல்லாமல் வேறு ஆளுக்குப் போனது என்பது என் தீர்ப்பு.

மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிக்கு இன்டர்ஃபெரான்: இல்லை. தொடக்க நாள்களில் லாம்டா: ஆம் என்று சாய்கிறேன், இன்னொரு பெரிய சோதனை உறுதிப்படுத்தும் வரை சாய்கிறேன் என்ற சொல்லைத் தாண்ட மாட்டேன். நலமாக இருப்பவரின் இயல்பு எதிர்ப்பைப் பொதுவாகக் கூட்டுவது: பொருளற்ற கோரிக்கை.

நம் மருத்துவக் கல்லூரிகளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கேட்டுக்கொள்வது ஒன்று. புறநோயாளிகளிடம், அறிகுறியின் முதல் மூன்று நாளுக்குள், மருத்துவமனைச் சேர்க்கையையும் இறப்பையும் அளக்கும் ஒரு சோதனையின் வரைவை, அடுத்த மூச்சுநோய்த் தொற்று வரும் முன்பே, நெறிக்குழு ஒப்புதலோடு எழுதி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வரும் இன்ஃப்ளூயன்சாவில் அதை ஓட்டிப் பாருங்கள். 2020 மார்ச்சில் ரெக்கவரி சோதனை, வரைவு எழுதத் தொடங்கிய 9 நாளில் முதல் நோயாளியைச் சேர்த்தது.